கம்பவுண்டர் அடைந்த சமாதி

கம்பவுண்டர் ஆவுடையப்பன் சமாதி நிலை அடைந்துவிட்டார் என்ற செய்தி ஆலடிப்பாறை டீக்கடைக்கு வந்தபோது காலை பதினோரு மணி. கடைக்காரர் மாசானம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களும் பின்னால் ஓடினார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

மலையடிவாரத்தில் உலகம்மை அம்மாவின் மடம் இருக்கிறது. மடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு கிணறு. அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருடம் ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். பார்க்க வந்தவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மடம் அப்படித்தான் உண்டானது.

ஆவுடையப்பன் அவருடைய சீடர். சீடருக்கு வயது அறுபத்தொன்று. டவுனில் ஒரு டாக்டரிடம் முப்பத்துநாலு வருடம் கம்பவுண்டராக இருந்தவர். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வரும், அவர்களுக்கு வராது.

உள்ளதைச் சொன்னால், அந்த மடத்திலேயே தியானம் வராத ஒரே ஆள் அவர்தான். கண்ணை மூடிய ஐந்தாவது நிமிடம் இருமுவார். பத்தாவது நிமிடம் முழங்காலைத் தடவுவார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, மணி என்ன என்று பக்கத்து ஆளிடம் சைகையில் கேட்பார். ஆனால் ஆறு மாதமாக ஆள் மாறிப்போயிருந்தார். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தின் நடுவில், சுவரில் சாய்ந்து, சம்மணம் போட்டு இருந்தார். கண் பாதி மூடியிருந்தது. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. அசைவே இல்லை. மூச்சு விடுகிறாரா என்று கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"மூச்சு உள்ளேயே அடங்கிட்டு. இதத்தான்யா பெரியவங்க சொல்லுதாவ," என்றார் மாசானம்.

அம்மா சந்தைக்குப் போயிருந்தார். அதனால் பூஜையின் பொறுப்பை மாசானமே எடுத்துக்கொண்டார். பூமாலை வந்தது. சூடம் ஏற்றினார். ஏற்றிக் காட்டும்போது தட்டு சாய்ந்து, எரிகிற சூடத்துண்டு ஒன்று கம்பவுண்டரின் தொடையில் விழுந்தது. வேட்டி கருகிப் பொத்தல் ஆனது. தோல் பொசுங்கும் வாடை வந்தது. மனிதர் இமைகூட அசைக்கவில்லை.

அதற்குப் பிறகும் நம்பாமல் இருந்தால் நாங்கள் என்ன மனிதர்கள்! எல்லோரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் விழுந்தவன் நான்.

நாங்கள் எழுந்திருப்பதற்குள் உலகம்மை அம்மா வந்துவிட்டார். வாசலிலேயே காய்கறிப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கத்தரிக்காய்கள் கூடமெல்லாம் உருண்டன.

"தொடாதீங்கம்மா! தவம் கலைஞ்சிரும்!" என்று மாசானம் குறுக்கே கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டு, சீடரின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. முஷ்டியால் நடுநெஞ்சில் அழுத்தித் தேய்த்தார். "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று காதில் கத்தினார். அசைவில்லை. உடனே அவரைத் தரையில் படுக்கவைத்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினார்.

"சிவ சிவா," என்று யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நூத்தியெட்டுக்கு யாராவது போன் போடுங்க!" என்று ஊதலுக்கு நடுவே அம்மா கத்தினார். "வலி மாத்திரை அதிகமாப் போட்டிருக்காவ, மூச்சு நிக்கப் போகுதுன்னு சொல்லுங்க!"

பின்பாதி சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. போன் போட்டவனுக்கு மட்டும் விழுந்தது. அது நான்தான்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. இருபது நிமிடமும் அம்மா ஊதிக்கொண்டே இருந்தார்.

*

ஆஸ்பத்திரியில் மாத்திரையை முறிக்கும் ஊசி போட்டதும் கம்பவுண்டர் எழுந்து உட்கார்ந்தாராம். எழுந்ததும் நர்ஸைத் திட்டினாராம். ஆள் பிழைத்துவிட்டார் என்று அதிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஆலடிப்பாறையில் கதை வேறு மாதிரி ஓடியது. எனக்குத் தெரிந்த உண்மையை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா என் வாயைக் கட்டிவிட்டார். "அது அண்ணாச்சி சொல்ல வேண்டியது. நம்ம சொல்லக்கூடாது," என்றார். எனவே டீக்கடையில் மாசானம் சொன்னதே சாசனமாகிவிட்டது.

"சிஷ்யன் முந்திட்டான்னு அம்மாவுக்குப் பொறாமை."

"சேச்சே, அம்மாவப் போயி..."

"பின்ன? ரெண்டு வருசம் சேத்து வச்ச தவத்தை வாய் வழியா உறிஞ்சி எடுத்துட்டாவல்லா. எங் கண்ணாலே பாத்தேன்."

இதை யாரோ அம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் நாள் கம்பவுண்டர் திரும்பி வந்தார். பஸ் நிறுத்தத்தில் மாசானம் மாலையோடு காத்திருந்தார். நாலைந்து பெண்கள் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். கம்பவுண்டர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். மறுநாள் பௌர்ணமி. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் ஆசி வாங்க வருவதாக மாசானம் சொன்னார்.

மடத்துக்கு வந்ததும் அம்மா அவரை எதிரே உட்கார வைத்தார். பிறகு நடந்ததைக் கம்பவுண்டரே எனக்குச் சொன்னார்.

"டாக்டர் என்ன சொன்னாவ?" என்று அம்மா கேட்டார்.

"போதை மீட்பு வார்டுல கட்டில் காலியா இருக்காம். மூணு வாரம் இருக்கணுமாம்."

"இருக்க வேண்டியதுதானே?"

"நான் என்ன குடிகாரனாம்மா? முதுகுவலிக்கு மாத்திரை போட்டேன். அன்னைக்குத் தூக்கம் வரலன்னு தூக்க மாத்திரையும் சேத்துட்டேன், அதான் தப்பாப் போச்சு. மத்தபடி எனக்கு அளவு தெரியும். முப்பத்திநாலு வருசம் ஊருக்கே மருந்து கொடுத்த கை."

"மொதல்ல எத்தன போட்டீங்க?"

"ஒண்ணு."

"இப்ப?"

கம்பவுண்டர் கூரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு அளவு தெரியும் அண்ணாச்சி. அது மாத்திரைக்குத் தெரியணுமே," என்றார் அம்மா. "சரி, முதுகுவலி எப்ப சரியாச்சு?"

"அது... ரெண்டு வருசத்துக்கு முன்னாலேயே கொறஞ்சுட்டு."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

கம்பவுண்டர் அந்தக் கேள்வியை விட்டு வேறு பேச்சுக்குத் தாவினார். அம்மாவும் வற்புறுத்தவில்லை.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அன்னைக்கு எனக்குக் கெடச்சது பொய்யில்ல. அமைதிதான். நீங்க ரெண்டு வருசமா மூச்சப் பாருங்க, மூச்சப் பாருங்கன்னு சொல்லிக் கொடுத்தும் வராதது, அர மணி நேரத்துல வந்துது. அதுக்கும் நீங்க சொல்லுத அமைதிக்கும் என்ன வித்தியாசம்?"

அம்மா அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடத்தில் முகம் தெளிந்துவிட்டது. கம்பவுண்டர் காத்திருந்தார். கால் மணி நேரம் ஆனது. சாயங்கால வெளிச்சம் கூடத்துக்குள் வந்தது. இதுவே பதில் போலிருக்கிறது என்று அவர் கைகூப்பப் போகும்போது, அம்மா தன் கழுத்தில் பட்டென்று ஒரு அடி அடித்தார். உள்ளங்கையைப் பார்த்தார். நன்றாகச் சொறிந்துகொண்டார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பவுண்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா இது? சமாதியில கொசு கடிச்சா தெரியுமா?"

"நல்லாத் தெரியும். சுருக்குன்னு இருந்துது." அம்மா கண்ணைத் திறக்காமலேயே கேட்டார். "உங்க தொடையில அது என்ன கட்டு?"

"சூடம் பட்டுதாம். தீப்புண்ணு."

"பட்டப்ப எப்படி இருந்துது?"

சிரித்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் நிறுத்திவிட்டார்.

"நாளைக்குச் சனம் வரும்," என்றார் அம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வேன் சொல்லியிருக்கேன், அதுவும் வரும். ஆசிர்வாதம் பண்ணுததா, வண்டியில ஏறுததான்னு நீங்கதான் பாத்துக்கிடணும்."

"வண்டியில ஏறுனா சனத்துக்கு என்ன சொல்லுவீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்குப் பொறாமைன்னு ஊரே சொல்லுது."

*

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. மாசானம் டீக்கடை நாற்காலியைக் கொண்டுவந்து, பட்டுத்துணி விரித்து, கம்பவுண்டரை அதில் உட்கார வைத்திருந்தார். அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தொல்லையில்லாத குரு.

கம்பவுண்டர் நாற்காலியில் நெளிந்தார். நெற்றி வேர்த்தது. அடிக்கடி கொட்டாவி விட்டார், மூக்கை உறிஞ்சினார். டாக்டர் கொடுத்த மருந்து அம்மா கையில் இருந்தது, வேளாவேளைக்குத்தான் கிடைக்கும். அவருடைய வேட்டி மடிப்பில் யாருக்கும் தெரியாமல் ஒரு அட்டை மாத்திரை இருந்தது. கூட்டம் கலைந்ததும் போட்டுக்கொள்ளலாம், வேனுக்கு நாளைக்கு வரச் சொல்லலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தாராம். அந்த முடிவு நிலைத்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

மூன்றாவதாக வந்தவள் இசக்கியம்மாள். பின்னால் அவள் மகன் சுடலைமணி. இருபத்தாறு வயது, லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், நல்ல தோள். அன்று அந்தத் தோள் தொங்கிப்போயிருந்தது.

"சாமி, எம் மவன ஆசிர்வாதம் பண்ணணும்," என்றாள். "மொதல்ல ரொம்பக் கோவக்காரன். இப்ப மூணு மாசமா உங்கள மாதிரியே ஆயிட்டான் சாமி. உக்காந்தா எந்திரிக்கது கெடையாது. சோறு வேண்டாங்கான். திட்டுனாலும் சிரிக்கான். இவனுக்கும் அந்த நெல வந்துட்டுன்னு ஊருல சொல்லுதாவ. நீங்க சிஷ்யனாச் சேத்துக்கிடணும்."

அவள் முகத்தில் அத்தனை பெருமை.

கம்பவுண்டர் ஆசிக்குத் தூக்கிய கை பாதியில் நின்றது. பையனைக் கிட்டே வரச் சொன்னார். வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பி இமையைத் தூக்கினார். கண்மணி கடுகளவு இருந்தது. அந்த நிமிடம் சாமி போய்விட்டார். முப்பத்துநாலு வருடத்துக் கம்பவுண்டர் எழுந்து நின்றார்.

"ஏல, தோள்ல வலியா?"

பையன் தலையசைத்தான்.

"மாத்திரை யாரு கொடுத்தா?"

"கூட மூட்ட தூக்குதவன்."

"மொத ஒண்ணு. பொறவு ரெண்டு. இப்ப அது இல்லன்னா ஒடம்பெல்லாம் முறுக்குது, மூக்கு ஒழுகுது, என்ன?"

பையன் பயந்துபோய்த் தாயைப் பார்த்தான். கூட்டம் சாமியின் ஞானதிருஷ்டியில் மெய்சிலிர்த்தது.

"வெளிக்குப் போயி எத்தன நாளாச்சு?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சாமி கேட்கிற கேள்வியா இது? பையன் கூச்சத்தில் நெளிந்தான்.

"சொல்லுல."

"ஆறு நாள்."

"எனக்கு எட்டு," என்றார் கம்பவுண்டர்.

கூடமே அதிர்ந்து சிரித்தது. சமையலறை வாசலில் அம்மாவின் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரியது. கம்பவுண்டரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வேட்டி மடிப்பிலிருந்து அந்த அட்டையை எடுத்து மாசானத்தின் ஆரத்தித் தட்டில் போட்டார்.

"இதான் என் தவம்," என்றார்.

மாசானம் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு..." என்று மாசானம் திக்கினார். "அன்னைக்கு நீங்க அப்படியே உக்காந்திருந்தது?"

"செத்துக்கிட்டு இருந்தேன் மாசானம். நீ சூடம் காட்டிக்கிட்டு இருந்த."

மாசானம் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. முதலில் விழுந்து கும்பிட்டவன் அல்லவா நான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக. "நல்லாச் சிரிச்ச மொகமா இருந்தீங்க."

"எனக்கே தெரியலியேய்யா," என்றார் கம்பவுண்டர்.

இசக்கியம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெருமை எல்லாம் வடிந்துவிட்டது. "நானும் இவனுக்குத் தூக்கம் கலையக்கூடாதுன்னு கதவச் சாத்தி வச்சேனே," என்றாள். "ராத்திரி பூரா தனியா விட்டேனே." அழ ஆரம்பித்தாள்.

கம்பவுண்டர் அவள் பக்கம் திரும்பினார். "அழாத தாயி. மூச்சு இருக்கு, ஆள் இருக்கான். இனிமே நீயாக் கைவைத்தியம் பண்ணாத, திடுதிப்புன்னு நிறுத்தவும் செய்யாத. டாக்டரு பாத்துப் படிப்படியாக் கொறைப்பாவ." பிறகு பையனிடம், "என்னல, ஒன்னய சிஷ்யனாச் சேத்துக்கிடச் சொல்லி ஒங்கம்மா கேக்கா. வாரியா?"

"எங்க?"

"வெளிய வேன் நிக்கி."

இரண்டு பேரும் ஏறினார்கள். மாசானம் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் வேனின் முன்கண்ணாடியில் மாட்டிவிட்டார். அம்மா மாத்திரை அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து டிரைவரிடம் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொன்னார். பிறகு வெங்காயத்துக்குத் திரும்பினார்.

*

முதல் ஒரு வாரம் நல்ல செய்தி வரவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லை, வீட்டுக்கு விடுங்கள் என்று ஒரே சண்டை. ஒருநாள் கம்பவுண்டர் வார்டு வாசல்வரை வந்துவிட்டாராம். சுடலைமணிதான் பின்னால் வந்து வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறான். மறுநாள் அவன் கிளம்பியபோது கம்பவுண்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அம்மா தினமும் போனில் டாக்டரைக் கேட்பார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் என்னைப் பிடிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா?" எடுத்த எடுப்பிலேயே கம்பவுண்டர். "உப்புமால உப்பு இல்ல. ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது. இந்தப் பய கொறட்ட வார்டையே தூக்குது."

"ம்."

"முதுகு வலிக்குது. வேற மருந்து கொடுத்திருக்காவ, குனிஞ்சு நிமிரவும் சொல்லிக் கொடுத்திருக்காவ. இருந்தாலும் லேசா வலிக்குது."

"ம்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன்.

"அம்மா."

"இருக்கேன் அண்ணாச்சி."

"நேத்து இசக்கியம்மா மவனப் பாக்க வந்திருந்தா. கேசரி கிண்டிக் கொண்டாந்தா. முந்திரிப்பருப்பக் கருக்கிட்டா. எம் பொண்டாட்டி பகவதியும் அப்படித்தாம்மா. ஒரு நாளாவது கருக்காம வறுத்தது கெடையாது. அவ செத்து மூணு வருசம் ஆச்சு. எடுத்துட்டுப் போன அன்னைக்குக்கூட எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, மாத்திரை போட்டுட்டு ஒதுங்கி உக்காந்திருந்தேன். நேத்து அந்தக் கேசரிய கையில வச்சுக்கிட்டு..."

குரல் உடைந்தது. அறுபத்தொரு வயது மனிதர் குழந்தையாக ஏங்கி ஏங்கி அழுவது ஸ்பீக்கரில் கேட்டது. மறு கையில் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டேன், வாளி கிணற்றுக்குள் போய்விட்டது.

"வலிக்குதும்மா," என்றார் கம்பவுண்டர். "முதுகு இல்லம்மா. தாங்க முடியல, வலிக்குது."

அம்மா ஈரக்கையோடு போனை வாங்கிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. வெகுநாள் காணாத உறவுக்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் வரும் சிரிப்பு.

"வாங்க அண்ணாச்சி," என்றார். "வாங்க, வாங்க."